எங்கள் கரைக்குப் பெயர் எழுதித் தந்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், பக்கத்து ஊராருக்கும், மேசையை விட்டு எழுந்து கரைக்கே வந்து உதவிய அலுவலர்களுக்கும் வணக்கம்.

நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரையிலுள்ள எங்கள் சிற்றூரின் கருவாட்டுத் தளத்துக்குச் சென்ற வாரம் கான்கிரீட் போட்டு முடித்தார்கள். சென்ற ஆண்டு ஆகஸ்ட் 15 கிராம சபையில் நிறைவேற்றிய இரண்டு தீர்மானங்களில் ஒன்று அது. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் என் மனத்தில் அதுதான் பெரியது. வலை காயவைக்கும் திடல், படகு ஏற்றும் துறை, கரையில் நின்றபடியே இழுக்கும் கரைவலைக்கான இடமாகிய பாடு, மீன் உலர்த்தும் களம் ஆகிய நான்கையும் ஊரின் பொது இடங்களாக சர்வே எண்ணோடு எழுதி, கடற்கரையில் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் அரசின் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் சேர்க்கக் கோரும் தீர்மானம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று வெளியூர் நண்பர்கள் கேட்டார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் குடும்பங்கள் கரையை விட்டு உள்ளே தள்ளிக் குடியேறின. வீடுகள் நகர்ந்ததே தவிர தொழில் நகரவில்லை. ஆனாலும், வீடில்லாத மணலைப் பார்ப்பவர்கள் அதைக் காலி இடம் என்றே நினைக்கிறார்கள். அந்தத் திட்டத்தின் வரைவு வரைபடத்திலும் குடியிருப்புக்கும் கடலுக்கும் நடுவே வெறும் நிறம்தான் இருந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய 2019ஆம் ஆண்டு அறிவிக்கையோ மீனவர்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் இடங்களையும் சர்வே எண் வாரியாக நிலத்தைக் காட்டும் புல வரைபட அளவில் குறிக்க வேண்டும் என்று சொல்கிறது. உரிமை காகிதத்தில் இருந்தது. அதை எங்கள் மணலோடு பொருத்திக் காட்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

முதலில் வந்தவர் எண்பது வயதைக் கடந்த எங்கள் தாத்தா ஒருவர். விடியற்காலையில் கோலை ஊன்றியபடி எங்களுக்கு முன்னால் நடந்தார். ஒவ்வோர் இடத்திலும் நின்று மணலில் ஒரு கோடு கிழிப்பார். "இதுவரைக்கும் கரைவலைப் பாடு. இங்கிருந்து துறை" என்பார். அலை வந்து கோட்டை அழிப்பதற்குள் கல்லூரியில் படிக்கும் தம்பி கைப்பேசியில் அந்தப் புள்ளியைப் பதிந்துகொள்வான். வாடைக்காற்றுக் காலத்தில் மணல் அரித்துத் துறை உள்ளே வருவதால், அப்போது படகை எதுவரை ஏற்ற வேண்டியிருக்கும் என்பதையும் தாத்தா தனியாகக் காட்டினார். எந்தச் செயற்கைக்கோள் படமும் எங்களுக்கு அதைச் சொல்லியிருக்காது.

களத்தை அளந்தவர் கருவாடு போடும் பெரியம்மா. நாடாவை வாங்க மறுத்துவிட்டு, படகுக் கயிற்றைப் பிடித்து இரண்டு கைகளையும் விரித்து, பாகம் பாகமாக எண்ணினார். கடலில் ஆழம் பார்க்கிற கணக்கு அது. ஒரு கூடை நெத்திலியை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்ப எவ்வளவு இடம் வேண்டும், புரட்டிவிட நடுவில் எவ்வளவு வழி வேண்டும் என்று மணலிலேயே பரப்பிக் காட்டினார். ஊராட்சி ஒன்றியத்திலிருந்து வந்திருந்த பொறியாளர் அம்மா அதைக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். தளத்தில் இன்று நடைவழி இருப்பது அந்தக் காலை வேளையால்தான். இருவருக்கும் என் வணக்கம்.

கிராம நிர்வாக அலுவலர் ஐயாவுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஊரின் நிலங்களைப் பதிந்துவைத்திருக்கும் அ-பதிவேட்டைத் திறந்து, 'புறம்போக்கு' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடந்த சர்வே எண்களை ஒவ்வொன்றாக வாசித்து, எது எந்த இடம் என்று எங்களோடு நடந்துவந்து சரிபார்த்தார். ஊராட்சிச் செயலரோ எங்கள் தீர்மானத்தை மூன்று முறை திருத்தி எழுதித் தந்தார்.

பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கரைவலை எல்லை பற்றி இரண்டு ஊருக்கும் பழைய மனத்தாங்கல் உண்டு. இருந்தும் அவர்கள் வந்து உடன் நடந்தார்கள். எல்லையில் நிற்கும் பனையடியில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் எங்கள் வரைபடம் பாதியில் நின்றிருக்கும்.

கிராம சபையன்று கரையில் உயர்கோபுர விளக்கு வேண்டும் என்று முதலில் கேட்ட இளைஞர்களையும் மறக்கவில்லை. அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு, இருட்டில் படகு ஏற்றுவது எளிதில்லை. ஆனால் கரையில் பெரிய வெளிச்சம் இருந்தால், பொரித்து வரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலைத் தவறவிட்டு ஊர்ப்பக்கம் ஊர்ந்துவிடும் என்று பெரியவர் ஒருவர் எடுத்துச் சொன்னதும், விளக்கைத் தெருவோடு நிறுத்திக்கொள்ளச் சம்மதித்தார்கள். தளத்துக்கான தீர்மானத்துக்கு முதலில் கை தூக்கியதும் அவர்களே.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால்தான் மீதியை அரசு தரும். எங்கள் ஊருக்கு அது சிறிய தொகையில்லை. எண்ணெய்ச் செலவு போக மிஞ்சும் வரவில் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிப்பது வழக்கம். ஒரு வாரம் முழுக்க 'ஊர்ப்பங்கு' என்று இன்னொன்றையும் சேர்த்துப் பிரித்தார்கள். மீன் குறைவாகக் கிடைத்த நாளிலும் எந்தப் படகும் அதை நிறுத்திவைக்கவில்லை. மகளிர் சுயஉதவிக் குழுவினர் தங்கள் சேமிப்பிலிருந்து தந்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிவது கருவாட்டால்தான். மணலில் காய்ந்த கருவாட்டுக்கு வியாபாரி விலையைக் குறைக்கும்போதெல்லாம் பொறுத்துக்கொண்ட பெண்கள், இந்தத் தளத்துக்குத் தங்கள் காசையும் போட்டிருக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

வரைபடத் தீர்மானத்துக்கு இன்னும் பதில் வரவில்லை, அதனால் அந்த வேலை தொடர்கிறது. வரைபடத்தின் ஒரு நகல் ஊராட்சி அலுவலகத்திலும் இன்னொன்று மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் இருக்கிறது. ஏதாவது ஓர் இடம் விடுபட்டிருந்தால் அடுத்த கிராம சபைக்கு முன் சொல்லுங்கள், சேர்த்துவிடுவோம்.

கான்கிரீட் இறுகுவதற்காகத் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம். பிள்ளைகள் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரை வடித்ததும் முதல் கூடை நெத்திலியைப் பெரியம்மாதான் பரப்புவார். அன்று நீங்கள் எல்லோரும் வர வேண்டும், பக்கத்து ஊராரும்தான்.

நன்றியுடன்,
தளத்துக்காகக் கணக்கு எழுதிய உங்கள் ஊர்ப் பெண்