அடியுள்ள கூடை

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள நண்பா,

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் நலம். ஓய்வுபெற்றபின் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். மாடிவீட்டுப் பெண் எனக்கு வேலை கொடுத்திருக்கிறாள்.

எட்டாம் வகுப்பு, பள்ளி அணியில் ஆடுகிறாள். கூடைப்பந்தின் வரலாற்றைப் பற்றி வகுப்பில் பேசவேண்டுமாம். 1891 டிசம்பர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு, ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்காரர் உருவாக்கிய ஆட்டம் என்று சொன்னேன். எழுதிக்கொண்டாள், முகத்தில் சுரத்தே இல்லை.

மறுநாள் சந்தையில் ஒரு மூங்கில் கூடை வாங்கிவந்து, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் தூணில் பத்தடி அளந்து கட்டினேன். நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை அறைந்த மாடிக் கைப்பிடி அந்த உயரத்தில்தான் இருந்தது. இன்றைக்கும் வளையத்துக்கு அதே பத்தடி.

அவள் எறிந்த பந்து கூடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஏணி வைத்து எடுத்தேன். மூன்றாவது முறை ஏணியைத் தூக்கியபோது, "தாத்தா, அடியை வெட்டிவிடலாமே!" என்றாள். உலகம் அதைச் செய்யச் சில ஆண்டுகள் ஆயின என்று சொன்னதும் அவளுக்கு வந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்.

கூடை ஏன் தலைக்கு மேல் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குளிர்காலம், மூடிய கூடம், நெய்ஸ்மித்தின் வகுப்பில் பொறுமையிழந்த 18 இளைஞர்கள். பந்தோடு ஓடுபவனைத்தான் மற்றவர்கள் மோதித் தள்ளுகிறார்கள், ஆகவே ஓடக்கூடாது. இலக்கு தரையில் இருந்தால் பலங்கொண்ட மட்டும் எறிவார்கள். ஆகவே அதை மேலே தூக்கு. நம் ஏழு கல்லில் பந்தை எறிவதுபோல, கல்லை எறிந்து கல்லை வீழ்த்தும் ஆட்டம் ஒன்றைச் சிறுவயதில் நெய்ஸ்மித் ஆடியிருக்கிறார். மெல்ல வளைத்து எறிவதன் அருமை அங்கே தெரிந்தது. இவளும் முதலில் ஓங்கித்தான் எறிந்தாள். பந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த புடவையில் போய் விழுந்தது. பிறகு மணிக்கட்டைத் தளர்த்தி, விரல் நுனியிலிருந்து விட்டாள். சத்தமில்லாமல் இறங்கியது.

பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது முதல் 13 விதிகளில் கிடையாது. பிடித்த இடத்திலிருந்தே எறியவேண்டும். அந்த விதிப்படி அவளும் அவள் தம்பியும் நானும் ஆடினோம். தம்பிக்குப் பந்தே தராதவள், வேறு வழியில்லாமல் நிமிர்ந்து அவனைத் தேடினாள். உன் நினைவு வந்தது. பந்து கைக்கு வந்ததும் முதலில் எங்களைத்தானே பார்ப்பாய்!

1920இல் ஹாரி பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைப் பற்றியும் சொன்னேன். அதன் நந்தனம் வளாகத்தில் நாம் ஆடியிருக்கிறோம் என்றதும் நம்பமாட்டேன் என்கிறாள். உன் இரும்புப் பெட்டியில் இருக்கும் அணிப் புகைப்படத்தை உடனே பிரதி எடுத்து அனுப்பு. வெள்ளிக்கிழமை அவள் பேசுகிறாள்.

என்றும் உன்,
பழைய ஏழாம் எண்