ஆர்.வி. வண்டியின் ஃபிரிட்ஜ்

ஐயா,

டெக்சாஸில் இருக்கும் மகனோடு வாடகை ஆர்.வி. வண்டியில் (படுக்கை, சமையலறையெல்லாம் உள்ள வீட்டு வண்டி) ஊர் சுற்றப் போனோம். இரண்டாம் நாள் காலை ஃபிரிட்ஜைத் திறந்தால் தயிர் வெதுவெதுவென்று இருக்கிறது, கூடவே மூக்கைத் துளைக்கும் நெடி. "மீன் எதுவும் வைத்தாயா அம்மா?" என்றான். நான் எங்கே மீனைத் தொட்டேன்! வெளிப்பக்க மூடியைக் கழற்றினால் குழாயெல்லாம் மஞ்சள் பொடி. ஃபிரிட்ஜைக் குளிர்விக்கும் அம்மோனியா கசிவு. உடனே ஃபிரிட்ஜுக்குப் போகும் கேஸை மூடினோம்.

இவ்வகை ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. கேஸ் சுடரின் சூட்டில்தான் ஓடுகிறது. குழாய்க்குள் ஹைட்ரஜனும் உண்டு. வண்டியைச் சாய்வாக நிறுத்தி ஓடவிட்டால் சுடர் சூடேற்றும் கொதிகலன் அளவுமீறிச் சூடாகும், நாளடைவில் குழாய் விரிசல்விடும், தீப்பிடிக்கும். 2006இல் அமெரிக்காவில், கொதிகலன் குழாய் விரிசல்விட்டுத் தீப்பிடிக்கும் அபாயத்தால், 9 லட்சத்துக்கும் அதிகமான ஃபிரிட்ஜ்களுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது. வண்டி கொடுத்தவர் டிவி ரிமோட்டைக்கூட விளக்கினார், சாய்வாக நிறுத்தி ஃபிரிட்ஜை ஓடவிடக் கூடாது என்பதைச் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் சாவி வாங்கும்போதே ஃபிரிட்ஜைப் பற்றிக் கேளுங்கள்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்