யாழினியின் பள்ளிக்கூடச் சுவரில் கடவுள்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாழினியின் பள்ளிக்கூட அலுவலக வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். 'கடவுளை நம்புகிறோம்' என்ற அமெரிக்க அரசின் வாசகம் பெரிதாக, அதற்குக் கீழே நாட்டுக் கொடியும் டெக்சாஸ் கொடியும். இதைப் பற்றிப் பள்ளியில் ஏதாவது சொல்லலாமா, பேசாமல் விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். கூடவே, "கபாலீஸ்வரரைப் பார்க்காமல் காப்பி குடிக்காத உங்களுக்கு இதில் என்னப்பா தப்பு தெரியப் போகிறது" என்றும் எழுதியிருந்தாய். தப்பு தெரிகிறதம்மா. சாமி கும்பிடுகிறவன் என்பதால்தான் எனக்கு இது இன்னும் அதிகமாக உறுத்துகிறது. போனில் சொன்னால் பாதியில் யாராவது கூப்பிட்டு விடுவார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வாசகம் அவர்கள் நாடு பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது என்று அங்கே பலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படி இல்லை. 1782 இல் அவர்கள் முத்திரையில் பொறித்தது 'பலவற்றிலிருந்து ஒன்று' என்று பொருள்படும் லத்தீன் வாசகம், அதில் கடவுள் கிடையாது. அரசாங்கப் பதவிக்கு வருகிறவனிடம் மதத்தைப் பரிசோதிக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்தார்கள். 1791 இல் முதல் திருத்தம் வந்தது, அரசு ஒரு மதத்தை நிறுவக் கூடாது, யாருடைய வழிபாட்டையும் தடுக்கவும் கூடாது என்று. 1802 இல் அப்போது அதிபராக இருந்த ஜெஃபர்சன், அரசுக்கும் திருச்சபைக்கும் நடுவே ஒரு சுவர் என்று எழுதினார் அல்லவா, அது யாருக்கு எழுதிய கடிதம் தெரியுமா? கனெக்டிகட் மாநிலத்து டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு. அங்கே வேறொரு சபைதான் அரசு ஆதரவோடு இருந்தது, இவர்கள் சிறுபான்மை. எங்கள் வழிபாட்டுரிமை அரசு பார்த்துப் போடும் சலுகையாக இருக்கக் கூடாது என்று முறையிட்டவர்கள் ஆழ்ந்த பக்தர்கள். இது நாத்திகர் கேட்ட சுவர் என்று உன்னிடம் யாராவது சொன்னால் இதைச் சொல்.

கடவுள் நாணயத்துக்கு வந்தது உள்நாட்டுப் போரின்போது. பென்சில்வேனியாவிலிருந்து ஒரு பாதிரியார் 1861 இல் கருவூலச் செயலாளர் சேஸுக்குக் கடிதம் எழுத, 1864 இல் இரண்டு சென்ட் காசில் இந்த வாசகம் அச்சாகி வந்தது. அதற்கப்புறம் 1907 இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் புதிய தங்க நாணயத்தில் அது வேண்டாம் என்றார். கடவுள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, காசில் அந்தப் பெயரைப் போடுவது கடவுளை அவமதிப்பது போல என்று அவருக்குப் பட்டது. மறு வருஷமே அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. இந்த விஷயத்தில் நான் ரூஸ்வெல்ட் கட்சி.

மற்றதெல்லாம் கம்யூனிஸ்ட் பயத்தில் நடந்தது. சோவியத் நாடு கடவுள் இல்லை என்கிறது, அப்படியானால் நாம் கடவுள் உண்டு என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்ற கணக்கு. 1954 இல், பள்ளிப் பிள்ளைகள் காலையில் சொல்லும் கொடி உறுதிமொழியில் 'கடவுளின் கீழ்' என்பதைச் சேர்த்தார்கள். அந்த உறுதிமொழியை 1892 இல் எழுதிய பிரான்சிஸ் பெல்லமியே ஒரு பாப்டிஸ்ட் போதகர். ஒரு போதகருக்கே அதில் கடவுளைச் சேர்க்கத் தோன்றவில்லை, ஆனால் அரசியல்வாதிகளுக்குத் தோன்றியது! 1955 இல் எல்லாப் பணத்திலும் வாசகம் கட்டாயம் என்று சட்டம். 1956 ஜூலை 30 அன்று அதிபர் ஐசனோவர் கையெழுத்துப் போட்டு அதுவே தேசிய வாசகம் ஆனது. அடுத்த வருஷம் டாலர் நோட்டில் ஏறியது. ஆக, தேசிய வாசகம் என்ற அந்தஸ்து அதற்கு வந்தபோது எங்கள் அப்பா வேலைக்கே சேர்ந்துவிட்டார், அவ்வளவுதான் அதன் பழமை. உங்கள் ஊர்ச் சுவருக்கு அது வந்தது டெக்சாஸின் 2021 சட்டத்தால். யாராவது அந்தப் படத்தை நன்கொடையாகக் கொடுத்தால் பள்ளி மாட்டியே ஆக வேண்டும். 2025 இல் பத்துக் கட்டளைகளை வகுப்பறைக்குள் மாட்டவும் அங்கே சட்டம் போட்டார்கள், அது கோர்ட்டுக்குப் போயிருக்கிறது.

இந்த வாசகத்தை எதிர்த்தும் வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1970 இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பதிலைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இந்த வாசகம் தேசபக்தி சார்ந்தது, சடங்கு போன்றது, மதத்தை நிறுவுவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றது அந்தத் தீர்ப்பு. யோசித்துப் பார் கயல். கடவுள் பெயரைச் சுவரில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அந்தப் பெயருக்குப் பெரிதாக மத அர்த்தம் ஒன்றும் இல்லை என்று கோர்ட்டில் வாதாட வேண்டியிருக்கிறது. நம்புகிறவன் இதற்கு எப்படிக் கைதட்டுவான்? பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் வரும்போது மாடவீதி வெயிலில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் போய், நீ கும்பிடுவது வெறும் சம்பிரதாயம்தானே என்று சொன்னால் விடுவானா? அரசாங்கம் சாமியைத் தன் கையில் எடுத்தால் முதலில் போவது சாமியின் மரியாதைதான். நம்பாத பிள்ளைக்கும் வேறு சாமி கும்பிடுகிற பிள்ளைக்கும், நீ இந்த வீட்டில் விருந்தாளி என்று சொல்லாமல் சொல்வது அடுத்தது. இந்த இரண்டும் சேர்ந்தேதான் நடக்கும்.

நான் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்த காலம் முழுக்க, சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்களிடம் உறுதிமொழி வாங்கியவன். 1969 ஆம் வருஷத்துச் சட்டப்படி இரண்டு விதம் உண்டு, கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், அல்லது மனமார உறுதி கூறலாம். ஒரு சொத்து வழக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு பெரியவர், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், வெளுத்துப்போன கருப்புச் சட்டை, பையில் இரண்டு பேனா. நான் 'கடவுள் அறிய' என்று ஆரம்பித்ததும் கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயா, எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, பொய் சொல்லி ஆரம்பிக்க வேண்டாம்" என்றார். ஜட்ஜ் தலையை மட்டும் அசைத்தார், நான் மற்றொன்றைச் சொன்னேன், அவர் ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னார். அவருக்கு அடுத்து ஏறியது ஒரு பூக்கார அம்மா. விரலில் நார்க் கறை, கும்பிட்ட கை இறங்கவே இல்லை, நான் சொல்லி முடிப்பதற்குள் "அம்மா முண்டகக்கண்ணி மேல சத்தியம்" என்று தானாகவே சேர்த்துக்கொண்டார். இரண்டு பேர் வாக்குமூலமும் ஒரே காகிதக் கட்டுக்குள் கிடந்தது, குறுக்கு விசாரணையும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் நடந்தது. அந்தப் பெரியவரைக் கடவுள் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தால் அந்த நாளின் முதல் பொய் கோர்ட் வாங்கிய பொய்யாக இருந்திருக்கும்.

இந்தப் பண்பு நமக்குச் சும்மா வரவில்லை. 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் நம் அரசியல் சாசனத்தின் முகவுரை விவாதத்துக்கு வந்தது. எச்.வி. காமத் எழுந்து, 'கடவுளின் பெயரால்' என்று முகவுரையைத் தொடங்க வேண்டும் என்றார். ஒருவர், அப்படியானால் தேவியின் பெயரால் என்று ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டார். திருவிதாங்கூரிலிருந்து வந்திருந்த பட்டம் தாணுப்பிள்ளை, நம்பிக்கை விஷயத்தில் இது கட்டாயப்படுத்துவதாகும் என்றார், அவரே கடவுளை நம்புகிறவர். குன்ஸ்ரு, எல்லாருக்கும் நம்பிக்கைச் சுதந்திரம் தருகிறோம் என்று அதே முகவுரையில் எழுதிவிட்டு முதல் வரியிலேயே அதை மீறலாமா என்று கேட்டார். கடவுளை ஓட்டுக்கு விடும் சங்கடத்தை எங்களுக்குக் கொடுக்காதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். காமத் விடவில்லை. ஓட்டு எடுத்தார்கள், ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த 68 பேரும் நாத்திகர்களா என்ன? பிரிவினை ரத்தம் காயாத வருஷங்கள் அவை. அந்த நேரத்தில் அவர்களுக்கு இந்த நிதானம் இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இங்கே மந்திரிகள் பதவியேற்பதை நீ சின்ன வயதில் என்னோடு உட்கார்ந்து டிவியில் பார்த்திருக்கிறாய். ஒரு கட்சிக்காரர்கள் 'உளமார' என்பார்கள், இன்னொரு கட்சிக்காரர்கள் 'ஆண்டவன் மீது ஆணையாக' என்பார்கள். அதே கவர்னர், அதே மேடை, அதே நாற்காலி. இதைவிடச் சுலபமாக ஒரு குழந்தைக்கு இந்த விஷயத்தைக் காட்ட முடியாது, யாழினிக்கும் காட்டு.

சரி, நாம் மட்டும் ரொம்ப ஒழுங்கா என்று மாப்பிள்ளை கேட்பார், கேட்க வேண்டிய கேள்விதான். நம் மாநில முத்திரையில் கோபுரம் இருக்கிறது. அரசாங்கமே கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிறது, அமெரிக்காக்காரனுக்கு அதைச் சொன்னால் தலை சுற்றும். தீண்டாமையை வைத்துக்கொண்டு கோயில் வாசலை அடைத்து வைத்திருந்த நாட்டில் அரசு ஒதுங்கி நின்றால் மட்டும் போதாது என்பது என் எண்ணம், அதை இன்னொரு நாள் பேசலாம். அரசு அலுவலகத்தில் சாமி படம் கூடாது என்று அண்ணா காலத்தில் 1968 இலேயே ஆணை போட்டும், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எந்த ஆபீஸுக்குப் போனாலும் பொரியும் சந்தனமும்தான். கோபுரத்தைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைகிறது. பக்கத்து மேஜையில் அதே முத்திரை போட்ட தாளில் எழுதும் முஸ்லிம் நண்பருக்கு என்ன தோன்றும் என்பதை நான் அவருக்குப் பதிலாகச் சொல்ல முடியாது. ஆனால் கோபுரத்துக்குக் கீழே எழுதியிருப்பது 'வாய்மையே வெல்லும்'. அதன் மூலம் முண்டக உபநிடதம்தான், இருந்தாலும் அந்தக் கருப்புச் சட்டைப் பெரியவரும் தயங்காமல் வாய்விட்டுச் சொல்லக்கூடிய வாசகம் அது. உங்கள் பள்ளிச் சுவரில் இருப்பதை அவரால் சொல்ல முடியாது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லி நீ தனியாகச் சண்டைக்குப் போக வேண்டாம், சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது, பள்ளிக்காரர்களுக்கும் வேறு வழியில்லை. ஆனால் காலையில் சொல்லும் உறுதிமொழி வேறு விஷயம். அங்கே தேசத்தின் உறுதிமொழியில் மட்டும் இல்லை, 2007 இலிருந்து டெக்சாஸ் உறுதிமொழியிலும் கடவுள் சேர்ந்திருக்கிறார். யாழினிக்கு அதைச் சொல்ல மனம் இல்லை என்றால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 1943 இல், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோதே, கொடி வணக்கம் செய்ய மறுத்த யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ சபைப் பிள்ளைகள் வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அதைத் தீர்த்துவிட்டது. எது சரியான நம்பிக்கை என்று எந்த அதிகாரியும், பெரியவரானாலும் சின்னவரானாலும், விதிக்க முடியாது என்று நீதிபதி ஜாக்சன் எழுதினார். கேரளத்தில் அதே சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அதற்காக 1985 இல் பள்ளியை விட்டு அனுப்பினார்கள். 1986 இல் நம் சுப்ரீம் கோர்ட் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னபோது அந்த அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துப் பேசியது. நம் மரபு சகிப்புத்தன்மையைக் கற்பிக்கிறது, அதை நீர்த்துப்போகச் செய்யாதீர்கள் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

டெக்சாஸ் சட்டப்படி பெற்றவர் எழுத்தில் கேட்டால் பிள்ளைக்கு விலக்கு தர வேண்டும். முதலில் யாழினியிடம் கேள், நீயாக முடிவு செய்யாதே. சொல்லப் பிடிக்கிறது என்றால் சொல்லட்டும், அதிலும் எனக்கு வருத்தம் இல்லை. பிடிக்கவில்லை என்றால் மரியாதையாக எழுந்து நிற்கட்டும், வாயைத் திறக்க வேண்டாம். சாமியைப் பற்றி அவளுக்குச் சொல்வது நம் வீட்டு வேலை, அதற்கு நான் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் தேவாரம் சொல்லித் தருகிறேன், அதுவும் அவள் கேட்டால்தான்.

பள்ளிக்கு எழுதும் கடிதம் அரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், காரணம் விளக்க வேண்டியதில்லை, தேதி போடு, நகல் ஒன்று வைத்துக்கொள். அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு, ஒருமுறை படித்துத் திருத்தித் தருகிறேன். அம்மா பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள், அடுத்த மாதம் வருகிற உன் சிநேகிதியிடம் கொடுத்தனுப்புகிறோம், அவள் எப்போது கிளம்புகிறாள் என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா
மயிலாப்பூர், சென்னை