வளரும் பிள்ளைகளின் கணுக்காலை நீவிவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகள் கபடியும் கைப்பந்தும் பயிற்றுவித்த உடற்கல்வி ஆசிரியன் என்ற முறையில், பள்ளிப் பிள்ளைகளின் கணுக்கால் காயத்தைப் பற்றி எழுதுகிறேன்.

ஆடுகளத்தில் ஒரு பிள்ளையின் கால் மடங்கி வீங்கினால் நம் வாயில் வரும் முதல் சொல் 'சுளுக்கு' என்பதே. உடனே எண்ணெயைச் சுடவைத்து நீவிவிட்டு, காலை இழுத்துவிட்டு, நடந்து பார் என்கிறோம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அது சுளுக்காகவே இருக்கும். ஆனால் வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில், முனையை ஒட்டி, எலும்பு நீள்வதற்குக் காரணமான வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்பு அடுக்கு இருக்கிறது. அது எலும்பாக இறுகும்வரை, மூட்டைப் பிணைக்கும் நார்களைவிட வலுக்குறைந்தது என்பதால், பெரியவருக்கு நார் கிழிகிற அதே மடக்கில் பிள்ளைக்கு அந்தத் தட்டு முறியக்கூடும். கணுக்காலில் இத்தட்டு பெண்களுக்கு ஏறத்தாழ 14, 15 வயதிலும் ஆண்களுக்கு 16, 17 வயதிலும்தான் மூடுகிறது. பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டிகளில் ஆடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாதவர்கள்.

இதை நான் தாமதமாகவே கற்றேன். கபடியில் பாடிச் சென்ற 9ஆம் வகுப்பு மாணவன் ஒருவனின் கணுக்கால் எதிரணியின் பிடியில் மடங்கியபோது, நீவிவிட்டவன் நானே. ஆறு நாள் கழித்தும் அவனால் காலை ஊன்ற முடியாமல் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தட்டு விலகியிருப்பது தெரிந்தது. இத்தகைய காயத்தைச் சரியாகக் கவனிக்காவிட்டால் எலும்பு கோணலாகவோ குட்டையாகவோ வளரக்கூடும் என்று மருத்துவர் சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை.

அடிபட்டவுடன் காலை அசையாமல் உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சூடும் கூடாது, நீவுவதும் கூடாது. கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் வகுத்த விதி எளியது: நான்கு அடி எடுத்து வைத்து நடக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வளர்ச்சித் தட்டின் முறிவு சில நேரம் முதல் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே எலும்பின்மேல் வலி நீடித்தால், படம் நன்றாக இருக்கிறதென்று உடனே களத்தில் இறக்கிவிடக் கூடாது.

பிள்ளைகள் தாமாக வலியைச் சொல்வார்கள் என்றும் எதிர்பார்க்க முடியாது. மாவட்டப் போட்டியின் சான்றிதழ் கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று நம்பியிருக்கும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடத்தான் பார்ப்பான். அவனை நிறுத்த வேண்டியது பெரியவர்கள்தான்.

எனவே கல்வித் துறையிடம் என் வேண்டுகோள் இது: குறுவட்டப் போட்டி நடக்கும் ஒவ்வொரு மைதானத்திலும் பனிக்கட்டியும், காலை அசையாமல் கட்டுவதற்கான மட்டைகளும், முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும், அவர் வேண்டாமென்று நிறுத்திய பிள்ளையை அணியின் பயிற்சியாளரே கேட்டாலும் அன்று மீண்டும் களத்தில் இறக்கக் கூடாது என்பதைப் போட்டி விதியாகவே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மன்னார்குடி.