மலை இறக்கத்தைப் பகலில் கொடுங்கள்

தமிழ்நாட்டில் நெடுந்தூர சைக்கிள் பயணங்கள் நடத்தும் கிளப் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஆறு வருடமாக நீங்கள் நடத்தும் பி.ஆர்.எம். பயணங்களில், அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணங்களில், ஓட்டி வருகிறேன். 200, 300, 400 கிலோமீட்டர் மூன்றும் முடித்திருக்கிறேன். வேகமாக ஓட்டுகிறவன் இல்லை. எப்போதும் கடைசிப் பத்துப் பேரில் இருப்பேன். மலை வரும் பயணங்களைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன் ஒரு டிசம்பர் மாலையில் கொல்லிமலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அது 300 கிலோமீட்டர் பயணம். திருச்சியில் காலை 6 மணிக்குக் கிளம்பினோம். காவிரியை ஒட்டிக் கரூர், அங்கிருந்து நாமக்கல், சேந்தமங்கலம். மலையடிவாரமான காரவள்ளிக்கு வரும்போது ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஆகியிருந்தது. மணி 2:15. மேலே சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். உச்சி வெயிலில் அந்த எண்களை எண்ணிக்கொண்டே ஏறினோம்.

என்னோடு வந்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். மலையில் ஓட்டுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஏற்றத்தில் ஒரு இடத்திலும் இறங்கித் தள்ளவில்லை. சோளக்காட்டைத் தொட்டபோது மணி 5:15. கன்ட்ரோல், அதாவது நேரத்துக்குள் வந்து முத்திரை வாங்க வேண்டிய இடம், மூட இன்னும் 25 நிமிடம் இருந்தது. கார்டில் முத்திரை வாங்கிக்கொண்டு, ஓர் அம்மாவிடம் ஆளுக்கு ஒரு முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தோம். முழங்கால் வலிக்கு நல்லது என்று சொல்லி இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

5:35-க்கு இறங்க ஆரம்பித்தோம். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மரங்கள் மூடிய மலைப்பாதையில் இருட்டு அதற்கும் முன்னாலேயே வந்துவிடுகிறது. எங்கள் இருவரிடமும் நல்ல விளக்கு இருந்தது, ஒளிரும் மேலங்கியும் இருந்தது. விதிப்படி எல்லாம் சரி. ஆனால் கொண்டை ஊசி வளைவில் விளக்கு நேரே பார்க்கிறது, சாலையோ அதற்குள் திரும்பிவிடுகிறது. வெளிச்சம் போய் விழுவது தடுப்புச் சுவரின் மேல். சக்கரம் உருளப்போகும் இடம் கறுப்பாகவே கிடக்கிறது. பதினொரு மணி நேரம் ஹேண்டில்பாரைப் பிடித்த கை. முன் பிரேக், பின் பிரேக் என்று மாற்றி மாற்றிப் பிடித்து என் விரல்கள் மரத்துப் போயிருந்தன. "அண்ணே, நீங்க முன்னாடி போங்க. உங்க பின் லைட்டைப் பார்த்துக்கிட்டே வர்றேன்" என்றார் அவர்.

38-வது வளைவில் மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டு வந்த மணல் சாலையின் உள்பக்கம் படிந்திருந்தது. நான் எப்படித் தாண்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. பின்னால் சத்தம் மட்டும் கேட்டது.

காறை எலும்பு முறிந்திருந்தது. வாழைத்தார் ஏற்றிவந்த ஒரு வேன்காரர் தார்களை ஒதுக்கி இடம் பண்ணி, அவரையும் என்னையும் இரண்டு சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு நாமக்கல் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. என் பயணமும் அதோடு முடிந்தது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. எலும்பு கூடிவிட்டது. ஆனாலும் அவர் அதற்குப் பிறகு சைக்கிளில் ஏறவில்லை. அதுதான் மனதை அறுக்கிறது.

நடத்தியவர்கள்மேல் பழி போட இதை எழுதவில்லை. பாதையில் யாரும் உதவ மாட்டார்கள், அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பி.ஆர்.எம்.மின் அடிப்படை. அது பிடித்துத்தான் நானும் வருகிறேன். பஞ்சர் ஆனால் நானே ஒட்டிக்கொள்கிறேன். ஆனால் எந்த நேரத்துக்கு எந்த இடத்தில் இருப்பேன் என்பதை என்னைவிட அதிகமாகத் தீர்மானிப்பது நீங்கள் குறிக்கிற புறப்பாட்டு நேரம்.

கணக்கைப் பாருங்கள். பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் வகுத்த விதிப்படி 200-க்கு பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27. சமதளமானாலும் மலையானாலும் நேரம் அதேதான். கன்ட்ரோல் மூடும் நேரம் மணிக்கு 15 கிலோமீட்டர் கணக்கில் வருகிறது. என் போன்றவர்கள் கொல்லிமலையில் 8 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏறுவோம். 25 கிலோமீட்டர் ஏற மூன்று மணி நேரம் ஆகிறது. விதி அந்தத் தூரத்துக்குத் தருவதோ 1 மணி 40 நிமிடம். மீதியைச் சமதளத்தில் முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்க வேண்டும். அதனால்தான் நீங்கள் மலையைப் பாதி தூரத்துக்கு மேல் தள்ளி வைக்கிறீர்கள். அது சரியான முடிவு, எங்களை நினைத்து எடுத்த முடிவு. எடுத்த எடுப்பில் மலையை வைத்தால் முதல் கன்ட்ரோலிலேயே எங்களில் பாதிப் பேர் வெளியே போய்விடுவோம்.

எனவே பாதையை மாற்றச் சொல்லவில்லை. புறப்பாட்டை மட்டும் எட்டு மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். காலை 6 மணிக்குப் பதில் முந்தின இரவு 10 மணி. அதே வேகத்தில் வந்தால் காரவள்ளிக்கு 6:15, விடிகிற நேரம். வெயில் ஏறுவதற்குள் பாதி மலை ஏறிவிடலாம், தண்ணீரும் பாதி போதும். 9:15-க்கு சோளக்காடு. அப்புறம் எழுபது வளைவிலும் மணல் எங்கே, குழி எங்கே, எதிரே வரும் பஸ் எங்கே திரும்புகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே இறங்கலாம். கடைசி ஆளுக்கும் மாலை 6 மணிவரை நேரம் இருக்கிறது.

ராத்திரி முழுக்க நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுவது ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் காலையில் கிளம்பினாலும் கடைசி வரிசைக்காரர்களுக்கு மாலை ஆறிலிருந்து நள்ளிரவு தாண்டி 2 மணிவரை இருட்டுதான். அதையும் மலை ஏறி இறங்கிய உடம்போடு, கண் சொருக ஓட்டுகிறோம். அந்த இருட்டைப் பயணத்தின் தொடக்கத்தில், கால் புதிதாக இருக்கும்போது கொடுங்கள் என்கிறேன். ராத்திரி கண் விழித்துவிட்டு மலை இறங்குவதும் கவலைதான், மறுக்கவில்லை. சோளக்காட்டில் ஒரு பாயும் இருபது நிமிடத் தூக்கமும் போதும். பிரான்ஸில் நடக்கும் புகழ்பெற்ற பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்திலேயே, 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரிவினர் மாலையில்தான் கிளம்புகிறார்கள். முதல் இரவு அவர்களுக்குச் சாலையில்தான்.

அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. 1,200 கிலோமீட்டருக்கு மேல் போகும் அந்தப் பாதையின் மிக உயரமான இடம் 400 மீட்டரைக்கூடத் தொடாது. சின்னச் சின்ன ஏற்றங்கள் சேர்ந்துதான் மொத்தம் 11,000 மீட்டரைத் தாண்டுகிறது. நம் மலைகள் அப்படி இல்லை. ஒரே மூச்சில் ஆயிரம் மீட்டர் ஏறி, ஒரே மூச்சில் இறங்குகிறோம். "மொத்த ஏற்றம் இத்தனை மீட்டர்" என்று அறிவிப்பில் போடுகிறீர்கள். புதிதாக வருகிறவருக்கு அது வெறும் எண். "நிதானமாக ஓட்டினால் இத்தனை மணிக்கு இறங்கத் தொடங்குவீர்கள்" என்று ஒரு வரி கூடவே போட்டால் அவர் புரிந்துகொள்வார், வேண்டுமென்றால் அடுத்த வருடம் வருவார்.

தன்னார்வலர்கள் இரவில் கண் விழிக்க வேண்டியிருக்கும், தெரியும். காரவள்ளியில் விடியற்காலை கன்ட்ரோலுக்கு ஆள் தேவைப்பட்டால் நான் ஒரு பயணத்தில் ஓட்டாமல் அங்கே உட்காரத் தயார். ஃபிளாஸ்கில் டீயோடு இருப்பேன்.

போன வாரம், அன்று கொல்லிமலையில் விழுந்த அந்த நண்பரிடம் பேசினேன். இரவு 10 மணிப் புறப்பாடு என்றால் வருவாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இறங்குறப்ப வெளிச்சம் இருக்கும்ல அண்ணே?" என்றார். இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
கடைசி வரிசையில் வரும் ஒருவன்