சேலத்தில் இனப்படுகொலை வரலாற்று வாசகசாலை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

அம்மாபேட்டையில், தறிச் சத்தம் நின்றுபோன ஒரு வீட்டின் மாடிக் கூடத்தை வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். உலகில் நடந்த இனப்படுகொலைகளைப் பற்றித் தமிழில் படிக்கவும் பேசவும் ஒரு வாசகசாலை அங்கே அமையப்போகிறது. கூடவே, சேலம் நகரிலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் பள்ளி பள்ளியாகப் போகும் ஒரு கண்காட்சியும் வரும். குழுவில் ஆசிரியர்கள், ஒரு வழக்கறிஞர், நெசவாளர்கள், கல்லூரி மாணவர்கள், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்து பட்டம் பெற்ற இருவர் இருக்கிறோம். எங்கள் கைப்பணம் போதவில்லை. அதனால் உங்களிடம் வருகிறோம்.

சேலத்துக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

நம் பிள்ளைகளுக்கு ஹிட்லரைத் தெரியும். 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதும் ஓரளவு தெரியும். ஆனால் பரீட்சைக்குப் படித்த விடையாக, எங்கோ ஒரு கொடியவன் செய்த காரியமாக அது மனதில் தங்கிவிட்டது. ஆப்பிரிக்க நாடான ருவாண்டா என்றால் பெரியவர்களே யோசிக்கிறார்கள்.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெல்ஜியம் ஆண்ட காலத்தில், 1930களில், ருவாண்டா மக்களின் அடையாள அட்டையில் ஹுட்டு, டுட்சி என்று இனத்தை எழுதிக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்த அட்டை போகவில்லை. 1993இல் ஒரு தனியார் வானொலி தொடங்கியது. இளைஞர்களுக்குப் பிடித்த பாட்டுகளைப் போட்டது. நடுநடுவே டுட்சிகளைக் கரப்பான்பூச்சி என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியது. 1994 ஏப்ரலில் ஹுட்டு தீவிரவாதிகள் டுட்சிகளைக் கொல்லத் தொடங்கியதும், சாலைத் தடுப்புகளில் நின்றவர்கள் முதலில் கேட்டது அந்த அட்டையைத்தான். ஏறத்தாழ 100 நாளில் சுமார் 8 லட்சம் பேர் செத்தார்கள். கொன்றவர்களில் பலர் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். அங்கிருந்த ஐ.நா. படையின் தளபதி ரோமியோ டாலேர், ஆயுதம் பதுக்கப்படுவதையும் டுட்சிகளின் பெயர்ப்பட்டியல் தயாராவதையும் பற்றி ஜனவரியிலேயே தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பியிருந்தார். ஊர் முழுக்கப் பிணம் விழுந்துகொண்டிருந்த ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு அவை கூடி, அந்தப் படையைச் சில நூறு பேராகக் குறைத்தது.

கத்தியை எடுப்பது கடைசிக் கட்டம். அதற்கு முந்தைய வேலை எல்லாம் அலுவலகக் காகிதத்திலும், டீக்கடைப் பேச்சிலும், பாட்டுக்கு நடுவே வரும் கேலியிலும் முன்பே முடிந்துவிடுகிறது. ஒரு கூட்டத்தை மனிதர் அல்ல என்று யாராவது பேசும்போது, இது எங்கே போய் முடியும் என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உறைக்க வேண்டும். இந்த வாசகசாலையை நாங்கள் தொடங்குவது இதற்காகத்தான். தமிழில் அந்தப் பிள்ளை எடுத்துப் படிக்க இன்றைக்கு மிகக் குறைவாகவே இருக்கிறது.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்று சிலர் சொல்கிறார்கள். முடியவில்லை. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றவர்கள், சில மாதம் கழித்து இயந்திரங்களைக் கொண்டுவந்து புதைகுழிகளைத் தோண்டி, சடலங்களை வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். தடயத்தை அழிக்கத்தான். ஒரே மனிதனின் எலும்புகள் வெவ்வேறு குழிகளில் கிடைத்தன. டிஎன்ஏ சோதனையில் அடையாளம் தெரிந்தவர்களை ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று, பக்கத்தில் உள்ள பொட்டோச்சாரி நினைவிடத்தில் அடக்கம் செய்கிறார்கள். மகனின் எலும்புகள் கிடைப்பதற்காகப் பல வருடம் காத்திருந்த தாய்மார் அங்கே உண்டு. நமீபியாவில் 1904 முதல் 1908 வரை ஜெர்மானியப் படை ஹெரேரோ, நாமா மக்களை அழித்தது. செத்தவர்களின் மண்டை ஓடுகளை ஆராய்ச்சிக்கென்று ஜெர்மனிக்கு அனுப்பியது. அவற்றில் சில 2011இல்தான் ஊர் திரும்பத் தொடங்கின. இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது 2021இல். மியான்மரின் சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியா மக்களுக்காக, அந்நாட்டின் மீது ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் 2019இல் வழக்குப் போட்டது காம்பியா என்ற சின்ன நாடு.

ஈழத்தைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. 2009இல் முடிந்த போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. அதைவிட அதிகம் என்கிறார்கள் தமிழர்கள். நடந்தது இனப்படுகொலை என்று இலங்கை வடக்கு மாகாண சபை 2015இல் தீர்மானம் போட்டது. எங்கள் குழுவின் நிலையும் அதுதான். ஆனால் எந்தச் சர்வதேச நீதிமன்றமும் இதுவரை அப்படித் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதையும் கண்காட்சியின் அதே பதாகையில் எழுதுவோம். ஆதாரத்தோடு பேசினால்தான் மறுப்பவர்கள் முன்னால் நிற்க முடியும். முகாமில் உள்ள பெரியவர்கள் சம்மதித்தால், அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வைப்போம். வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

குழுவுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறோம். 1950 பிப்ரவரி 11 அன்று நம் சேலம் மத்தியச் சிறையில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1968இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். இவற்றை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசலாமா என்று ஒருவர் கேட்டார். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. ஏற்ற உடன்படிக்கை, ஒரு தேச, இன, நிற அல்லது மதக் குழுவை அழிக்கும் நோக்கத்தோடு செய்வதைத்தான் இனப்படுகொலை என்கிறது. அரசியல் கருத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் அதில் வர மாட்டார்கள். அந்தச் சட்ட எல்லையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் சேலத்தில் இருந்துகொண்டு அந்த 22 பேரை மறக்க முடியாது. அவர்களுக்கும் வெண்மணிக்கும் தனி அலமாரி வைப்பதாக முடிவாயிற்று. அப்புறம், இந்த உடன்படிக்கையை இந்தியா 1959இல் ஏற்று உறுதி செய்தும், உள்நாட்டில் அதற்கென ஒரு சட்டம் கொண்டுவரவில்லை. 1984 சீக்கியர் படுகொலை வழக்கொன்றின் தீர்ப்பில் டெல்லி உயர் நீதிமன்றமே 2018இல் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியது. இதைப் பற்றி எளிய தமிழில் ஒரு சிறு நூல் எழுத எங்கள் வழக்கறிஞர் முன்வந்திருக்கிறார்.

சரி, செலவுக்கு வருவோம். மொத்தம் 7 லட்சம் ரூபாய் ஆகும். அலமாரி, மேசை, நாற்காலிக்கு 1,40,000. நூல்களுக்கு 1,20,000. சாட்சியங்களையும் தீர்ப்புச் சுருக்கங்களையும் தமிழாக்க 1,50,000. மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கூலி கொடுக்காமல் வேலை வாங்க மாட்டோம். முகாமில் வாய்மொழிப் பதிவுகளுக்கு 80,000. முதல் ஒரு வருடத்து வாடகை, மின்சாரம், நூலகத்தைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளம் எல்லாம் சேர்த்து 1,50,000. கண்காட்சிக்கு 24 பதாகைகள், ஒன்று 2,500 வீதம் 60,000. மலை மேலே நாகலூர் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பேருந்தில்தான் கொண்டுபோக வேண்டும். கண்ணாடிச் சட்டம் கொண்டை ஊசி வளைவுகளில் தாங்காது. காகிதம் ஏற்காட்டுச் சாரலில் நமுத்துவிடும். அதனால் காடாத் துணியில் அச்சிட்டுச் சுருட்டி எடுத்துப் போகிறோம். பிணங்களின் படம் எதுவும் பள்ளிப் பதாகைகளில் இருக்காது. பயமுறுத்தப்பட்ட பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், யோசிக்காது.

உறுப்பினர்கள் போட்டதும் தெரிந்தவர்கள் கொடுத்ததுமாக 2,10,000 சேர்ந்திருக்கிறது. இன்னும் 4,90,000 வேண்டும். 100 ரூபாயும் எங்களுக்குப் பெரிது. 2,500 கொடுத்தால் ஒரு பதாகை ஆகிவிடும். பணம் இல்லாதவர்கள் நேரம் கொடுங்கள்: தட்டச்சு, பிழைதிருத்தம், பள்ளிக்குத் துணையாக வருவது என்று வேலை நிறைய இருக்கிறது. வரலாற்று நூல்கள் இருந்தால் கொடுங்கள், பழையதானாலும் பரவாயில்லை.

சில விஷயங்களை முன்பே தெரிவிக்கிறோம். கட்சிகளிடம் பணம் வாங்குவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களிடம் நன்கொடை பெற எங்களுக்கு அரசு அனுமதி இல்லை. அங்கிருக்கும் உறவினர்கள் மன்னிக்கவும். வருமான வரியில் 80ஜி விலக்கும் இப்போதைக்குக் கிடையாது. கொடுத்தவர் பெயரைப் பொருட்களில் பொறிக்க மாட்டோம். வரவு செலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாசகசாலைச் சுவரில் ஒட்டப்படும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.

டிசம்பர் 9 அன்று திறக்க நினைத்திருக்கிறோம். அதற்குள் தச்சு வேலை முடிய வேண்டுமானால், மரத்துக்கும் கூலிக்கும் முன்பணம் உடனே கொடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணி முதல் மாடிக் கூடத்தில் குழுவினர் இருப்போம். நன்கொடையை அங்கே நேரில் கொடுக்கலாம், அல்லது உங்களுக்குத் தெரிந்த உறுப்பினரிடம் கொடுக்கலாம். எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகசாலை அமைப்புக் குழுவினர், சேலம்