ஐந்தாவது குருவி: ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் பிரியமான ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் சிறுவர் ஊழியப் பொறுப்பாளர்களுக்கும் ஸ்தோத்திரம்.

தேவன் தங்களை நேசிப்பது எதையும் சாதித்ததற்காக அல்ல என்பதை நம் பிள்ளைகள் நம்மிடம் கற்கிறார்களா என்று கேட்கவே இதை எழுதுகிறேன். நானும் சில வருடங்கள் உங்களில் ஒருவனாக இருந்தவன்தான். அதனால் இந்த மடலில் எங்கே குறை சொன்னாலும் முதல் குற்றவாளி நான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்புச் சுவரில் ஓர் அட்டை தொங்கும். மனப்பாட வசனம் சொன்னால் ஒரு நட்சத்திரம், நேரத்துக்கு வந்தால் ஒன்று, வேதாகமம் கொண்டுவந்தால் இன்னொன்று. ஒரு சிறுமியின் பெயருக்கு நேரே மட்டும் கட்டங்கள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். ஒருநாள் எல்லோரும் போன பிறகு அந்த அட்டையைப் பார்த்தபடி கேட்டாள்: "அண்ணா, இயேசப்பாவும் இப்படித்தான் எண்ணுவாரா?" இல்லைம்மா என்றேன். சொன்னேனே தவிர, அட்டை என் தலைக்கு மேலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் வேதாகமத்தில் இயேசு சொன்ன குருவிக் கணக்கை உட்கார்ந்து பார்த்தேன். மத்தேயு 10-ல் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள். லூக்கா 12-ல் இரண்டு காசுக்கு ஐந்து. நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது கொசுறு. விலையே இல்லாத அந்தக் கொசுறையும் சேர்த்துத்தான் "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்கிறார் ஆண்டவர். நம் வகுப்பில் ஐந்தாவது குருவி யார் என்று நமக்குத் தெரியும். வசனம் சொல்ல எழுந்ததும் திக்குகிற பையன். கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருடா வருடம் ஆடாகவே வருகிற பிள்ளை.

ஞாயிறு பள்ளி தொடங்கியதே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான். 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதை ஆரம்பித்தபோது, வந்து உட்கார்ந்தவர்கள் வாரம் முழுக்க வேலை செய்த ஏழைச் சிறுவர்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கவே அங்கேதான் கற்றார்கள்.

"நீ கெட்டிக்காரி, நீ அழகு" என்று புகழ்ந்து வளர்க்கச் சொல்லவில்லை. அடுத்த பரீட்சையோ ஒரு முகப்பருவோ வந்தால் அந்தப் பேச்சு செல்லாது. யோர்தான் நதியில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்ற சத்தம் வந்தது. அதுவரை அவர் ஓர் அற்புதமும் செய்திருக்கவில்லை. பிரியம் முதலில், ஊழியம் அதற்குப் பிறகு. நாமோ பிள்ளைகளிடம் இதைத் தலைகீழாக நடத்திக் காட்டுகிறோம்.

பாவத்தைப் பற்றிப் பேசவே கூடாதா என்று சிலர் கேட்பீர்கள். பேசத்தான் வேண்டும். ஆனால் விழுகை, அதாவது ஆதாமும் ஏவாளும் பாவத்தில் விழுந்தது, வருவது ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தில். தேவசாயல், அதாவது மனிதன் தேவனுடைய சாயலில் படைக்கப்பட்டது, 1-ஆம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. மூன்றில் ஆரம்பித்தால் பிள்ளைக்குக் கதையின் பாதிதான் கிடைக்கும். "பொய் சொன்னால் இயேசப்பாவுக்குப் பிடிக்காது" என்கிறோம். "என்னைப் பிடிக்காது" என்றுதான் ஆறு வயதுக் காதில் விழுகிறது. இயேசு சொன்ன கதையில், அப்பாவைவிட்டுத் தூரதேசம் போய்த் திரும்பிய இளைய குமாரன், "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்று கேட்க வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தான். லூக்கா 15-ஐ மறுபடி வாசித்துப் பாருங்கள், அப்பாவின் முன்னால் அந்த வரி அவன் வாயிலிருந்து வரவே இல்லை. அதற்குள் அப்பா வஸ்திரமும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பானது. "பெரியவர்களுக்குக் கீழ்ப்படி" என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, தப்பான பெரியவர் ஒருவர் கை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் நிற்கும். தன் உடம்பும் தேவசாயலில் சேர்ந்ததுதான் என்று அறிந்த பிள்ளை சத்தம் போடும், நம்மிடம் வந்து சொல்லும். பெரியவர்களும் தப்பலாம்: மாற்கு 10-ல் இயேசுவிடம் சிறுபிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டியது சீஷர்கள், இன்றைய கணக்கில் சபைப் பெரியவர்கள் மாதிரி. இயேசு விசனமடைந்தது அவர்கள்மேல்தான்.

சரி, என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, எதற்கும் பரிசாக அல்லாமல், கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள். மனப்பாடம் வராத பிள்ளை வசனத்தை வரைந்து காட்டட்டும். தப்பு செய்து மாட்டிக்கொண்ட பையனுக்கு அடுத்த வாரமும் அதே இடம், அதே சிரிப்பு இருக்கட்டும். நீங்கள் தவறு செய்தால் வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேளுங்கள். எனக்கு இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அந்த அட்டையை நான் அடுத்த வாரமே கழற்றிவிட்டேன். அந்தச் சிறுமி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்; அவள் கவனிக்கக்கூட இல்லை. அழுதது, அதிக நட்சத்திரம் வாங்கியிருந்த பையன். "இனிமே நான் ஃபர்ஸ்ட் இல்லையா அண்ணா?" என்று கேட்டான். அன்று முழுவதும் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கிறிஸ்துவின் பணியில்,
ஒரு பழைய ஞாயிறு பள்ளி ஆசிரியன்